கலப்படமில்லாத ரேடியம்

"என் குப்பியில் சொன்ன அளவு ரேடியம் இல்லை என்று நிரூபித்தால் ஆயிரம் டாலர்." 1920களில் அமெரிக்காவில் இப்படி ஒரு சவாலோடு மருந்து விற்றவர் வில்லியம் பெய்லி. ஊர், நியூஜெர்சியில் ஈஸ்ட் ஆரஞ்சு. சரக்கின் பெயர் ரேடிதோர். அரை அவுன்ஸ், அதாவது மூன்று டீஸ்பூன் பிடிக்கிற சின்னக் கண்ணாடிக் குப்பி. உள்ளே நிறமோ மணமோ ருசியோ இல்லாத தண்ணீர். மும்முறை காய்ச்சி வடித்த நீர், ரேடியமும் மீசோதோரியமும் கலந்தது, கதிரியக்கம் உத்தரவாதம் என்று லேபிள் சொன்னது. விலை ஏறக்குறைய ஒரு டாலர்.

அந்தப் பந்தயத்தில் பெய்லி தோற்க வழியே இல்லை. குப்பியில் நிஜமாகவே ரேடியம் இருந்தது.

இந்த மனுஷன் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கண். போலி மருந்து விற்றவர்கள் கதை உலகம் முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது. நம்ம ஊர் லேகிய வண்டிக்கே தனிப் புத்தகம் போடலாம். ஆனால் அசல் சரக்கை, சொன்ன அளவில், சொன்னபடி கொடுத்ததாலேயே ஆளைக் கொன்ற வியாபாரி அபூர்வம். ரேடியம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு முப்பது முப்பத்தைந்து வருஷம் உலகத்தைப் பிடித்து ஆட்டிய மோகத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு உறைத்தது இதுதான்: ஏமாற்றுக்காரனிடம் வாங்கியவர்கள் தப்பித்தார்கள். யோக்கியமான கடை தேடிப் போனவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

முதலில் அந்த மோகம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

1898 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். பாரிஸில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் மேரி கியூரி, பியேர் கியூரி, குஸ்தாவ் பெமோன் ஆகிய மூவர் பெயரில் ஒரு கட்டுரை அறிவிக்கப்பட்டது. புதிய தனிமம் ஒன்று இருக்கிறது, பெயர் ரேடியம். இருக்கிறது என்று சொன்னார்களே தவிர, யாரும் அதைக் கண்ணால் பார்த்திருக்கவில்லை. கண்ணில் காட்ட இன்னும் மூன்றரை வருஷம் பிடித்தது. பொஹீமியாவின் யோஆகிம்ஸ்தால் சுரங்கத்தில் யுரேனியத்தை எடுத்துக்கொண்டு, தேவையில்லை என்று பக்கத்துப் பைன் காட்டில் கொட்டிய கழிவு மண் மூட்டை மூட்டையாகப் பாரிஸ் வந்தது. பைன் இலைகளும் கூடவே வந்தன. ஒரு காலத்தில் மருத்துவ மாணவர்கள் பிணம் அறுத்துப் பழகிய கொட்டகையில், மழைக்கு ஒழுகும் கண்ணாடிக் கூரைக்குக் கீழே, மேரி அதைக் கொதிக்க வைத்து, வடித்து, படிகமாக்கி, மறுபடி கரைத்து... டன் கணக்கில் மண்ணைக் கரைத்து 1902இல் அவர் கையில் மிஞ்சியது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு.

இரவுச் சாப்பாடு முடிந்து கியூரி தம்பதி அந்தக் கொட்டகைக்குத் திரும்பிப் போவார்களாம். விளக்கு ஏற்றமாட்டார்கள். மேஜையிலும் அலமாரியிலும் இருக்கும் குழாய்கள் இருட்டில் நீலமாக மினுங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வேதியியல்காரர்களே இப்படி மயங்கினால் பத்திரிகைக்காரர்களைக் கேட்கவா வேண்டும்?

ஆனால் வெளிச்சத்தைவிடப் பெரிய விஷயம் 1903இல் வந்தது. பியேர் கியூரியும் ஆல்பெர் லபோர்தும் ரேடியத்தின் சூட்டை அளந்தார்கள். ஒரு கிராம் ரேடியம் மணிக்குச் சுமார் 100 கலோரி வெப்பம் விடுகிறது. தன் எடைக்குச் சமமான பனிக்கட்டியை ஒரு மணி நேரத்துக்குள் உருக்க அது போதும். அடுத்த மணி நேரமும் அதே அளவு. மறுநாளும் அதே அளவு. விறகு இல்லை, கரி இல்லை, எரிந்த சாம்பல் இல்லை. சூடு குறைந்த அடையாளமும் இல்லை. (குறையத்தான் செய்கிறது. பாதியாகக் குறைய 1600 வருஷம் ஆகும். ஒரு மனுஷ ஆயுளில் கண்டுபிடிக்க முடியாத வேகம்.) ஆற்றலை ஆக்கவும் முடியாது அழிக்கவும் முடியாது என்று பள்ளிக்கூடத்தில் படித்து வந்த தலைமுறைக்கு இது வயிற்றைக் கலக்கும் செய்தி. அதே வருஷம் கியூரி தம்பதிக்கு இயற்பியலாளர் பெக்கரலோடு சேர்த்து நோபல் பரிசு. போதாதா? பெட்ரோலிய விளக்கும் கேஸ் விளக்கும் எரிந்துகொண்டிருந்த உலகத்தில், அணையாத அடுப்பு கிடைத்துவிட்டது என்று ஜனங்கள் நம்பினார்கள். அணுவுக்குள் இருந்து வரும் ஆற்றல் இது என்று வேதியியலாளர் பிரெடெரிக் சாடி எழுதியும் பேசியும் பரப்பினார். அவர் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் எச்.ஜி.வெல்ஸ் 1914இல் அணுகுண்டு போடும் நாவலே எழுதினார்.

இதோடு புற்றுநோய் சேர்ந்துகொண்டது. பெக்கரல் ஒரு ரேடியக் குழாயைச் சட்டைப் பையில் வைத்திருந்து தோல் வெந்துபோனது. பியேர் தன் கையிலேயே வேண்டுமென்று ரேடியத்தைக் கட்டிப் புண் வரவழைத்துக்கொண்டார். நல்ல தோலையே சுடுகிறதே, கட்டியின் மேல் வைத்தால்? பாரிஸ் டாக்டர்கள் வைத்துப் பார்த்தார்கள், சில கட்டிகள் கரைந்தன. இது பொய்யில்லை. சரியான இடத்தில், சரியான நேரத்துக்கு ரேடியத்தை வைத்து எடுக்கும் சிகிச்சை பல பத்தாண்டுகள் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றியது. சிக்கல் எங்கே என்றால், வைத்து எடுப்பதற்கும் விழுங்குவதற்கும் உள்ள வித்தியாசம் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

சரி, கூத்துக்கு வருவோம்.

பாரிஸில் அப்போது லோயி ஃபுல்லர் என்று ஒரு அமெரிக்க நடனக்காரி. கஜக்கணக்கில் பட்டுத்துணியைச் சுழற்றி, அதன்மேல் வண்ண மின்விளக்கு அடித்து ஆடுவதில் மகாராணி. ரேடியம் இருட்டில் ஒளிரும் என்று பேப்பரில் படித்ததும் கியூரி தம்பதிக்கே கடிதம் போட்டார்: ரேடியத்தில் பட்டாம்பூச்சி இறக்கை செய்ய வேண்டும், எப்படி? அது நடக்காத காரியம் என்று அவர்கள் பொறுமையாகப் பதில் எழுதினார்கள். நன்றிக்கடனாக ஃபுல்லர் தன் விளக்குக்காரர்களை அழைத்துக்கொண்டு கியூரி வீட்டுக்கே வந்து, நாளெல்லாம் ஒயர் இழுத்து, சாப்பாட்டு அறையில் இவர்கள் இருவருக்காக ஆடிக்காட்டிவிட்டுப் போனார். பிறகு வேறு ஒளிரும் உப்புகளைத் துணியில் பூசி மேடையில் 'ரேடியம் நடனம்' ஆடினார். நியூயார்க்கிலும் 1904இல் ஒரு இசை நாடகத்தில் பெண்கள் இருட்டில் மினுங்கிக்கொண்டு ரேடியம் நடனம் ஆடினார்கள். அந்தத் துணிகளில் ரேடியம் கிடையாது. வாங்கக் கட்டுப்படியாகாது.

வீட்டுக்கு வீடு வைத்துப் பார்க்க ஒரு பொம்மையும் கிடைத்தது. 1903இல் வில்லியம் குரூக்ஸ் செய்த ஸ்பின்தரிஸ்கோப். இந்தச் சாமானை மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். விரல் நீளப் பித்தளைக் குழாய். ஒரு முனையில் பூதக்கண்ணாடி, இன்னொரு முனையில் துத்தநாக சல்பைடு தடவிய சின்னத் திரை, திரைக்கு முன்னால் ஓர் ஊசியின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத துளி ரேடியம். இருட்டறையில் போய்ப் பத்துப் பதினைந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். கண் இருட்டுக்குப் பழகியபின் குழாயைக் கண்ணில் வைத்தால், திரை முழுக்கப் பொறிகள் தெறிக்கும். ஒவ்வொரு பொறியும் ஒரே ஒரு ரேடியம் அணு உடைந்து வீசிய ஒரே ஒரு ஆல்பா துகள். அணு என்று ஒன்று உண்டா என்றே பெரிய தலைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு துரை வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டு ஒற்றை அணுவின் சாவைப் பார்க்க முடிந்தது. பார்த்தவர்கள் பைத்தியம் பிடித்து அலைந்ததை நான் குறை சொல்லமாட்டேன். கையில் கிடைத்தால் நானும் இருட்டில் உட்காருவேன்.

அதற்குப் பிறகு பெயர் வியாபாரம். ரேடியம் பூட் பாலிஷ், ரேடியம் வெண்ணெய், ரேடியம் சுருட்டு, ரேடியம் கஞ்சிப்பசை. உச்ச விலையில் ஒரு கிராம் ரேடியம் ஒரு லட்சம் டாலருக்கு மேல். 1921இல் அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டி மேரி கியூரிக்கு வெள்ளை மாளிகையில் வைத்து ஒரே ஒரு கிராம் பரிசளித்தார்கள், அதற்கே ஒரு லட்சம் டாலர் ஆனது. அந்த விலைக்கு வெண்ணெயில் எவன் கலப்பான்? ரேடியத்தைப் பிரித்தெடுக்கும் முறைக்குக் கியூரி தம்பதி காப்புரிமை வாங்கவில்லை. பெயருக்கும் எந்தக் காவலும் இல்லை. ஆளாளுக்கு எடுத்து ஒட்டிக்கொண்டார்கள்.

பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் தெரு முனையில் பைக்குக்கு ஸ்டிக்கர் வெட்டித் தரும் கடை இருக்கிறது. போர்டிலேயே 'ரேடியம் கட்டிங்'. ஒருநாள் நம்பர் பிளேட்டுக்காகப் போனபோது வாய் சும்மா இருக்காமல், "தம்பி, இதுல ரேடியம் இருக்காப்பா?" என்று கேட்டேன். "அண்ணே, இதான் ரேடியமே!" என்றான், என்னைப் பாவமாகப் பார்த்துக்கொண்டு. லைட் பட்டால் திருப்பி அடிக்கிற பிளாஸ்டிக் ஷீட் அது. இருக்கட்டும், பரம சாது.

தண்ணீருக்கு வருகிறேன். விவகாரம் அங்கேதான் ஆரம்பம். 1903இல் ஜே.ஜே. தாம்சன் கிணற்றுத் தண்ணீரில் கதிரியக்கம் இருப்பதைக் கண்டார். அப்புறம் ஐரோப்பாவின் பெயர்பெற்ற வெந்நீர் ஊற்றுகளில் எல்லாம் தேடினார்கள், பலவற்றில் இருந்தது. ரேடியத்திலிருந்து கசியும் ரேடான் வாயு. ஆகா, காலம்காலமாக முழங்கால் வலிக்காரர்கள் இந்த ஊற்றுகளில் குளித்துக் குணமானதற்குக் காரணம் இதுதான் என்று முடிவு கட்டினார்கள். ஊற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஊருக்கு எடுத்துப்போனால் பலன் இல்லாமல் போவதற்கும் விளக்கம் கிடைத்துவிட்டது: ரேடானின் அரை ஆயுள் நாலு நாள்கூட இல்லை, வழியிலேயே செத்துவிடுகிறது! ரேடியம் பிறந்த யோஆகிம்ஸ்தாலிலேயே 1912இல் 'ரேடியம் பேலஸ்' என்று அரண்மனை மாதிரி ஓட்டல் எழும்பியது.

ஊற்றுக்குப் போக வசதியில்லாதவர்கள் என்ன செய்வது? ரெவிகேட்டர் என்று பீங்கான் ஜாடி வந்தது. உள்சுவரில் யுரேனியத் தாது கலந்த பூச்சு. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் கீழே இருக்கும் குழாயைத் திருகிப் பிடித்துக் குடிக்க வேண்டியது. தாகமெடுக்கும்போதெல்லாம் குடிக்கலாம். லட்சக்கணக்கில் விற்றது.

இதில் அமெரிக்க மருத்துவச் சங்கம் தலையிட்டது. ஜனங்கள் ஏமாந்துவிடக் கூடாது என்ற கவலை. அதனால் 1916இலிருந்து ஒரு கட்டுப்பாடு: ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு நாளைக்கு 2 மைக்ரோகியூரிக்கு (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) குறைவாக ரேடான் ஏற்றும் கருவிக்கு அங்கீகாரம் கிடையாது. திரும்ப ஒருமுறை படியுங்கள். அளவு மிஞ்சினால் அல்ல, குறைந்தால்! 1929வரை இந்த விதி இருந்தது. அரசாங்கமும் அதே பாதையில்தான் போனது. 1906ஆம் வருஷத்து உணவு, மருந்துச் சட்டம் லேபிளில் பொய் சொல்லக் கூடாது என்றது. கடைகளில் கிடைத்த ரேடியச் சரக்குகளை வாங்கிச் சோதித்து, பெரும்பாலானவற்றில் உருப்படியாக ரேடியமே இல்லை, ஜாக்கிரதை என்று மக்களை எச்சரித்தார்கள். இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சட்டப்படி ரேடியம் மருந்தே அல்ல, அது ஒரு தனிமம்.

பெய்லி இந்த ஓட்டையில்தான் நுழைந்தார். ஹார்வர்டில் சேர்ந்து பாதியில் நின்றவர். வியன்னாவில் டாக்டர் பட்டம் வாங்கியதாகச் சொல்லிக்கொண்டார், அப்படி ஒன்றும் கிடையாது. முன்னர் தபாலில் கார் விற்கிறேன் என்று முன்பணம் வாங்கி ஏமாற்றிச் சிறைக்குப் போன பேர்வழி. அதன்பின் ரேடியோஎண்டோக்ரினேட்டர் என்று ஒன்று விற்றார், தங்கமுலாம் பூசியது, ஆரம்ப விலை ஆயிரம் டாலர். கழுத்தில் தைராய்டுக்குப் பக்கத்தில் கட்டிக்கொள்ளலாம். ஆண்மை வேண்டுவோர் ராத்திரி உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு தூங்கலாம். இவ்வளவு பொய்யும் சொன்ன ஆள், ரேடிதோர் விஷயத்தில் மட்டும் அரிச்சந்திரன். ரேடான் தண்ணீர் நாலு நாளில் வீணாகிறது, குடித்தாலும் மூச்சில் வெளியே போய்விடுகிறது. நான் ரேடியத்தையே கரைத்துத் தருகிறேன், வீரியம் குறையாது என்றார்! குப்பிக்கு ரேடியம் ஒரு மைக்ரோகியூரி, மீசோதோரியம் ஒரு மைக்ரோகியூரி. எழுதிக் கொடுக்கும் டாக்டர்களுக்குக் கமிஷன் வேறு. 1925இல் தொடங்கி ஐந்தாறு வருஷத்தில் நாலு லட்சம் குப்பிக்கு மேல் போனது.

மீசோதோரியம் என்பது ரேடியத்தின் ஒரு தம்பி, இன்றைய பெயர் ரேடியம்-228. தோரியத்திலிருந்து பிறப்பது. கேஸ் விளக்கு மேண்டிலுக்காக மோனசைட் மணலிலிருந்து தோரியம் எடுக்கும்போது துணைச் சரக்காகக் கிடைத்தது. நாங்கள் குமரி மாவட்டத்துக்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவோம். அந்தக் காலத்தில் உலகத்துக்கு மோனசைட் கொடுத்தவை முக்கியமாக இரண்டு இடங்கள், பிரேசிலும் திருவிதாங்கூரும். கப்பலில் ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் மூலத்தைக் கண்டுபிடித்து வந்து, மணவாளக்குறிச்சியில் ஆலை போட்டார். இன்றும் அங்கே மணல் ஆலை இருக்கிறது. அலை வாங்கிப் போனபின் கரையில் கறுப்பும் சிவப்புமாக மணல் வரிவரியாகக் கிடக்கும். கல்யாண ஊர்வலத்தில் தலையில் சுமந்துபோன பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலில் இருந்ததும் தோரியம்தான்.

இப்போது ஈஸ்ட் ஆரஞ்சுக்குப் பக்கத்து ஊர், ஆரஞ்சு. அங்கே ஒரு தொழிற்சாலை, யுனைடெட் ஸ்டேட்ஸ் ரேடியம் கார்ப்பரேஷன். கடிகார முகப்பில் இருட்டில் ஒளிரும் எண்கள் எழுதும் வேலை. முதல் உலகப் போரில் பட்டாளத்துக்குக் கடிகாரம் தேவைப்பட, பதினாலு பதினைந்து வயதிலிருந்து பெண்பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். நல்ல கூலி, பீஸ் ரேட். ரேடியம் கலந்த மஞ்சள் பொடியில் கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் பிசின், குழைத்துக்கொள்ள வேண்டியது. ஒட்டக முடித் தூரிகை, சில மயிர்தான் இருக்கும். நாலு எண் எழுதினால் நுனி விரிந்துவிடும். விரிந்தால் உதட்டில் வைத்துக் கூராக்கு என்று சொல்லிக் கொடுத்தார்கள். தூரிகையை உதட்டில் வை, சாயத்தில் தோய், எழுது. ஒரு நாளைக்கு இருநூறு இருநூற்றைம்பது முகப்பு. அதே கட்டடத்தில் வேதியியலாளர்கள் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று இடுக்கியால் ரேடியத்தை எடுத்தார்கள். பெண்கள் கேட்டபோது, ஒன்றும் செய்யாது, கன்னம் சிவக்கும் என்று பதில். சனிக்கிழமை ராத்திரி நடனத்துக்குப் போடும் நல்ல கவுனை வேலைக்கே போட்டுக்கொண்டு வருவார்களாம், பொடி படிந்து மின்னட்டும் என்று. நகத்தில் பூசிக்கொண்டார்கள், பல்லில் தடவிக்கொண்டு இருட்டில் சிரித்து விளையாடினார்கள். கிரேஸ் ஃப்ரையர் என்ற பெண் சளி சிந்தினால் கைக்குட்டை ஒளிர்ந்தது.

தனிம அட்டவணையில் ரேடியம் இருப்பது கால்சியம் இருக்கும் அதே செங்குத்து வரிசையில். உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான். எலும்பு கேட்கிறது, கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறது. ரேடியம் வீசும் ஆல்பா துகளை ஒரு தாள் தடுத்துவிடும், மேல்தோல் தடுத்துவிடும். வாசற்கதவைத் தாண்ட முடியாத ரவுடிதான், ஆனால் வீட்டுக்குள் குடிவைத்துவிட்டால்? அந்தப் பெண்களுக்குத் தாடை அரித்தது. பல் பிடுங்கினால் புண் ஆறவில்லை, எலும்பு துண்டு துண்டாகக் கையோடு வந்தது. 1922இல் அவர்களில் ஒருவரான மாலி மாஜியா இறந்தார். இறப்புச் சான்றிதழில் எழுதிய காரணம், சிபிலிஸ். செத்த பெண்ணின் மானத்தையும் சேர்த்துப் புதைத்தார்கள். ஐந்து வருஷம் கழித்துத் தோண்டி எடுத்துச் சோதித்தபோது எலும்பில் இருந்தது ரேடியம்.

அந்த வட்டாரத்தின் மருத்துவ அதிகாரி ஹாரிசன் மார்ட்லண்ட், 1925 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலேயே எல்லாவற்றையும் எழுதிவிட்டார். ரேடியம் உடம்புக்குள் போனால் எலும்பில் தங்கிவிடும், எடுக்க முடியாது, அதைக் குடிப்பதும் ஊசி போடுவதும் ஆபத்து. 1925. பெய்லி பக்கத்து ஊரில் ரேடிதோர் கடை விரித்த அதே வருஷம். கிரேஸ் ஃப்ரையரையும் சேர்த்து ஐந்து பெண்கள் வழக்குப் போட்டார்கள், வழக்கறிஞர் கிடைக்கவே இரண்டு வருஷம் அலைந்தார்கள். 1928இல் ஆளுக்கு 10,000 டாலரும் வருஷத்துக்கு 600 டாலரும் என்று சமரசம் ஆனது. பத்திரிகைகள் எழுதின. மேரி கியூரி அனுதாபம் தெரிவித்து, உள்ளே போன ரேடியத்தை அழிக்க வழியே இல்லை என்றும் சொன்னார். அந்தச் சாயத்தைக் கண்டுபிடித்த ஸபின் ஃபான் சொஹாக்கியும் அதே வருஷம் ரத்தம் வற்றிச் செத்தார். இவ்வளவுக்கும் ரேடிதோர் விற்பனை நிற்கவில்லை. ஏழைப் பெண்கள், தொழிற்சாலை, பெயின்ட். அதற்கும் பெரிய மனிதர்கள் குடிக்கும் டானிக்குக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தத்தைக் காட்ட ஒரு பெரிய மனிதரே சாக வேண்டியிருந்தது. எபென் பையர்ஸ். பிட்ஸ்பர்க் இரும்பு ஆலைக் குடும்பம், 1906இல் அமெரிக்க அமெச்சூர் கோல்ஃப் சாம்பியன். 1927இல் ரயிலில் மேல் பெர்த்திலிருந்து விழுந்து கையில் அடி. வலி போகவில்லை என்றதும் டாக்டர் ரேடிதோர் எழுதிக் கொடுத்தார். குடித்ததும் புதுத் தெம்பு வந்ததாகச் சொன்னார். தெம்பு கற்பனையாக இல்லாமலும் இருக்கலாம், கதிர் பட்ட மஜ்ஜை ஆரம்பத்தில் கொஞ்சம் துள்ளும் என்கிறார்கள். தினம் இரண்டு மூன்று குப்பி. நண்பர்களுக்குப் பெட்டி பெட்டியாகப் பரிசு. பந்தயக் குதிரைகளுக்கும் ஊற்றினார் என்கிறார்கள். ஏறக்குறைய 1,400 குப்பி ஆனபோது பல் ஆடத் தொடங்கியது.

1930இல் வர்த்தக ஆணையம் பெய்லி மேல் வழக்கு எடுத்திருந்தது. தீங்கில்லாதது என்று விளம்பரம் செய்கிறார் என்று குற்றச்சாட்டு. மருந்தைத் தடுக்கச் சட்டம் இல்லாததால் விளம்பரத்தைப் பிடித்தார்கள். பையர்ஸால் சாட்சி சொல்ல வர முடியவில்லை. வாக்குமூலம் வாங்க லாங் ஐலண்டில் இருந்த அவர் மாளிகைக்கு ஒரு வழக்கறிஞர் போனார். ஐம்பது வயதைக் கடந்த, கட்டான உடம்புக்காரராக இருந்த மனிதர். மேல் தாடையில் முன்பற்கள் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் எடுத்தாயிற்று. கீழ்த்தாடை பெரும்பகுதி இல்லை. தலையெல்லாம் கட்டு. மண்டை ஓட்டில் ஓட்டைகள் விழத் தொடங்கியிருந்தன. 1931 டிசம்பரில் விற்பனையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. 1932 மார்ச் 31 அன்று பையர்ஸ் போய்ச் சேர்ந்தார். ஈயம் பதித்த சவப்பெட்டியில் வைத்தார்கள். கோடீஸ்வரர் இறந்த செய்தி முதல் பக்கத்தில் வந்ததும், ஏழு வருஷமாகக் கேட்காத காதுகள் கேட்டன. கடைகளில் ரேடியத் தண்ணீரைத் தேடிப் பிடிக்கத் தொடங்கினார்கள்.

பிரான்சில் மட்டும் அப்போதுதான் வியாபாரம் சூடு பிடித்தது. 'தோ-ராடியா' முகப் பூச்சு. தோரியமும் ரேடியமும் கலந்தது, டாக்டர் கியூரியின் தயாரிப்பு என்று விளம்பரம். அவர் ஆல்ஃபிரட் கியூரி, மேரி குடும்பத்துக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. மேரி 1934 ஜூலை 4 அன்று இறந்தார். எலும்பு மஜ்ஜை ஓய்ந்துபோன ரத்தசோகை.

பெய்லி மேல் கொலைக் குற்றம் எதுவும் வரவில்லை. சரக்கில் குறை இருந்தால்தானே! கடையை மூடிவிட்டு, மேஜையில் வைக்கும் கதிரியக்க பேப்பர்வெயிட், இடுப்பில் கட்டும் பெல்ட் என்று வேறு சாமான்கள் விற்றார். ரேடிதோரை என்னைவிட அதிகம் குடித்தவன் உயிரோடு இல்லை, எனக்கு என்ன ஆனது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1949இல் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் இறந்தார். சுமார் இருபது வருஷம் கழித்து ஆராய்ச்சியாளர்கள் தோண்டி எடுத்துப் பார்த்தபோது எலும்பெல்லாம் ரேடியம். குடித்தேன் என்றதும் பொய்யில்லை.

பையர்ஸையும் 1965இல் தோண்டி எடுத்தார்கள். எம்.ஐ.டி.யின் ரோப்லி எவன்ஸ் அளந்தார். இந்த எவன்ஸ்தான் உயிரோடிருந்த கடிகாரப் பெண்களையும் வரவழைத்து, அவர்கள் மூச்சுக்காற்றில் ரேடானை அளந்து, உடம்பில் ரேடியம் 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று 1941இல் உலகத்தின் முதல் வரம்பை வகுக்க உதவியவர். அணுகுண்டுத் திட்டத்தில் புளுட்டோனியம் கையாண்டவர்களுக்கான எல்லைக்கோடு அந்தப் பெண்களின் எலும்பிலிருந்துதான் வந்தது. அவர்களில் சிலரை 1990கள் வரை கூப்பிட்டு அளந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், பழைய கடிகாரம் சேர்க்கும் நண்பர்கள் கேட்பதுண்டு. தாத்தா காலத்து வெளிநாட்டுக் கடிகாரத்தில் எண்கள் பழுப்பேறி, இருட்டில் ஒளிராமல் இருந்தால், ரேடியம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தேய்ந்துபோனது ரேடியத்தின் கதிர் பட்டு ஒளிரும் துத்தநாக சல்பைடு. ரேடியம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு அப்படியே இருக்கிறது. கண்ணாடி மூடியிருக்கும்வரை அலமாரியில் வைத்துப் பார்க்கலாம், தப்பில்லை. பின்மூடியைத் திறந்து, முகப்பைச் சுரண்டி, புதுப் பெயின்ட் அடிக்கிறேன் என்று மட்டும் உட்காராதீர்கள். அந்தப் பொடி மூக்கில் ஏறும். ரிப்பேருக்குக் கொடுத்தாலும் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.